முந்நூறு சீட்டும் ஓர் ஆட்டமும்



சீட்டு என்னும் சொல் நம் இல்லங்களில் நற்பெயர் பெற்ற சொல்லன்று. சீட்டாட்டத்தில் நிலத்தை இழந்தவர், மனைவியின் நகையை அடகு வைத்தவர் கதை வழங்காத ஊர் ஏதேனும் உண்டோ? வள்ளுவப் பெருந்தகையும் சூதுக்கென்று ஓர் அதிகாரமே வகுத்துச் சென்றார். ஆகவே, சென்ற ஆடித் திங்களில் கனடா நாட்டின் டொராண்டோ நகரிலிருந்து விடுமுறைக்கு வந்த நம் தங்கையின் பேரன், ஒரு தகரப் பெட்டி நிறையச் சீட்டுகளைக் கொணர்ந்து நம் கூடத்துத் தரையில் பரப்பியபோது, நம் முகம் சற்றுச் சுருங்கியதில் வியப்பில்லை. சிறுவனுக்கு வயது பத்து.

ஆயின், அவை நாம் அஞ்சிய சீட்டுகள் அல்ல. ராஜாவும் ராணியும் அவற்றில் இல்லை. விந்தையான உயிரினங்களின் வண்ணப் படங்களும், படத்தின் கீழ் எண்களும் குறிகளுமாக இருந்தன. 'போக்கிமான்' சீட்டுகள் என்று சிறுவன் விளக்கினான். முந்நூறுக்கு மேல் வைத்திருந்தான். எந்தச் சீட்டு எத்தனை டாலர் பெறும் என்பதை வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் ஒப்பித்தான்.

"இவற்றைக் கொண்டு எப்படி ஆடுவது, தம்பி?" என்று வினவினோம்.

சிறுவன் சற்று நேரம் பேசாதிருந்தான். பிறகு, "தெரியாது, தாத்தா. எங்கள் பள்ளியில் யாரும் ஆடுவதில்லை. மாற்றிக்கொள்வோம், அவ்வளவுதான்" என்றான்.

இவ்விடை நம்மைத் திகைக்க வைத்தது. பிறந்தநாளுக்கும் பண்டிகைக்கும் உறவினர் அளித்த டாலர்கள் எல்லாம் அப்பெட்டிக்குள் கரைந்திருந்தன. ஆயினும் அவன் ஒருநாளும் ஓர் ஆட்டம் ஆடியதில்லை. அலமாரி நிறைய நூல்களை வாங்கி அடுக்கிவிட்டு, அவற்றின் விலையை மட்டும் படித்தவனைப் போன்றிருந்தது அவன் நிலை.

இச்சீட்டுகளை விரும்பும் பிள்ளைகள் இன்று நம் வாசகர் இல்லங்கள் சிலவற்றிலும் இருக்கக்கூடும். அயல்நாட்டில் வளரும் பேரப்பிள்ளைகள் பலரிடம் அவை இருப்பதோ நாம் அறிந்ததே. எங்கே தொடங்குவது, எதை வாங்குவது, எதை விலக்குவது என்பதை இத்திங்கள் சிந்திப்போமாக.

விளையாட்டு பிறந்த கதை

நாம் அறிந்த ஐம்பத்திரண்டு சீட்டுக் கட்டு, ஆடுவோர் அனைவருக்கும் பொதுவானது. இப்புதுவகை விளையாட்டில் பொதுக்கட்டு கிடையாது. ஒவ்வொருவரும் தம்மிடமுள்ள பல சீட்டுகளிலிருந்து தேர்ந்தெடுத்துத் தமக்கென ஒரு கட்டைச் சேர்த்துக்கொண்டு வருவர். பொது விதிகள் சிலவே. சிறப்பு விதிகள் அந்தந்தச் சீட்டின்மேலேயே அச்சாகியிருக்கும்.

இம்முறையை உலகுக்கு அளித்தவர் ரிச்சர்டு கார்ஃபீல்டு என்னும் அமெரிக்கக் கணித அறிஞர். தாம் உருவாக்கிய பலகை விளையாட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு, 'விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்' என்னும் சிறு நிறுவனத்தை அவர் அணுகினார். அதைத் தயாரிப்பதற்கு மிகுந்த பொருள் வேண்டியிருந்தது. எளிதில் கையில் எடுத்துச் செல்லத்தக்கதும், குறைந்த நேரத்தில் ஆடி முடிக்கத்தக்கதுமாகிய வேறொன்றை ஆக்கித் தருமாறு நிறுவனத் தலைவர் பீட்டர் அட்கிசன் கேட்டார். அதன் பயனாக 1993ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் 'மேஜிக்: தி கேதரிங்' என்னும் விளையாட்டு வெளிவந்தது.

அதன் தொடக்ககால விதி ஒன்று நம் கவனத்திற்குரியது. ஆட்டம் தொடங்கும்போது இருவரும் தத்தம் கட்டிலிருந்து ஒரு சீட்டைப் பந்தயமாக ஒதுக்கி வைப்பர். வென்றவர் இரண்டையும் எடுத்துக்கொள்வார். இவ்விதி நெடுநாள் நிலைக்கவில்லை. பந்தயத்தைப் பற்றிய சீட்டுகளும் 1995க்குப் பின் அச்சிடப்படவில்லை. சூதின் நிழல் இவ்வாறு ஆட்ட மேசையை விட்டு அகன்றது. ஆயின், முற்றிலும் மறைந்து போகவில்லை. சீட்டுகளை விற்கும் பொட்டலத்தினுள் அது குடிபுகுந்தது.

போக்கிமான் சீட்டு விளையாட்டு 1996ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் ஜப்பானில் தோன்றியது. அதன் ஆங்கிலப் பதிப்பு 1999ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வெளியாயிற்று. அவ்வாண்டு முடிவதற்குள்ளாகவே, மாணவரிடையே பூசலும் ஏமாற்றும் மிகுந்தமையால், அங்குப் பல பள்ளிகள் இச்சீட்டுகளைக் கொண்டு வரலாகாதெனத் தடை விதித்தன. பிள்ளைகள் ஆடியதனால் எழுந்த பூசல் சிறிது. மாற்றிக்கொண்டதனால் எழுந்ததே பெரிது.

பொட்டலத்தின் மாயம்

கடைகளில் இச்சீட்டுகள் முத்திரையிட்ட சிறு பொட்டலங்களாக விற்கப்படுகின்றன. ஒரு பொட்டலத்தில் பத்துச் சீட்டு அளவில் இருக்கும். எந்தப் பத்து என்பதைப் பிரிக்கும்வரை எவரும் அறியார். சீட்டின் அடி ஓரத்தில் சிறு குறி ஒன்றுண்டு. வட்டம் இருப்பின் எளிதில் கிடைப்பது. சாய்சதுரம் இருப்பின் அதனினும் அரியது. விண்மீன் இருப்பின் அரியது. அரியவற்றிலும் அரியவை பற்பல பொட்டலங்களைப் பிரித்தாலும் வாரா.

"இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று" என்று பிள்ளையின் கை நீள்வதும், பிரித்த மாத்திரத்தில் முகம் வாடுவதும், அடுத்த கிழமை மீண்டும் கேட்பதும் இதனாலேயே. இதைச் சூதென்று கூறிப் பிள்ளையை வெருட்டுவது நம் எண்ணமன்று. எனினும், அகப்படுமோ அகப்படாதோ என்னும் ஆவலுக்கு விலை கொடுக்கும் பழக்கம் எதற்கு உறவு என்பதைப் பெற்றோர் அறிந்திருத்தல் நலம்.

இவ்விடத்தில் ஒரு செய்தியைக் கூறுதல் தகும். போக்கிமான் சீட்டுகளுள் மிக உயர்ந்த விலைக்குப் போனவற்றுள் ஒன்று, கையில் தூரிகை ஏந்திய பிகாச்சூவின் படமுடைய சீட்டு. 2021ஆம் ஆண்டில் அதன் ஒரு படி 52 இலட்சத்து 75 ஆயிரம் டாலர் மதிப்பில் கைமாறியது. அச்சீட்டு எந்தப் பொட்டலத்திலும் வந்ததன்று. 1997, 1998ஆம் ஆண்டுகளில் ஜப்பானில் ஒரு சிறுவர் இதழ் நடத்திய ஓவியப் போட்டிகளில் வென்றவர்களுக்குப் பரிசாக அளிக்கப்பட்டது. பொட்டலம் பிரித்துப் புதையல் தேடும் பிள்ளைக்கு இக்கதையைச் சொல்லுங்கள். படம் வரைந்து அனுப்பிய பிள்ளைகளுக்கே அப்புதையல் கிட்டியது!

நாம் ஆடக் கற்றோம்

மறுநாள் காலையில், பேரனும் நாமும் விதித் தாளை நடுவில் வைத்துக்கொண்டு அமர்ந்தோம். அறுபதைக் கடந்த நமக்கு முதலில் தலை சுற்றியது உண்மையே. ஆயினும் இரண்டு நாளில் ஆட்டம் பிடிபட்டது. அதைச் சுருங்கக் கூறுவோம்.

ஒவ்வொருவரிடமும் சரியாக 60 சீட்டுகள் கொண்ட கட்டு இருத்தல் வேண்டும். ஒரே பெயருள்ள சீட்டு நான்குக்கு மேல் கூடாது. அடிப்படை ஆற்றல் சீட்டுக்கு மட்டும் இவ்வரம்பு இல்லை. சீட்டுகள் மூவகைப்படும். உயிரினச் சீட்டு போரிடும். ஆற்றல் சீட்டு அதற்கு வலுவூட்டும். உதவிச் சீட்டு வேண்டியதைத் தேடித் தரும்.

கட்டைக் கலைத்து ஏழு சீட்டு எடுக்க வேண்டும். அவற்றுள் அடிப்படை உயிரினம் ஒன்றேனும் இல்லையெனில், மீண்டும் கலைத்து எடுக்க வேண்டும். ஓர் உயிரினத்தை முன்னே நிறுத்தி, ஐந்து வரையில் பின்வரிசையில் வைக்கலாம். பின்னர் ஆறு சீட்டுகளைக் குப்புறப் பரிசாக ஒதுக்குதல் வேண்டும். தன் முறை வரும்போது ஒவ்வொருவரும் கட்டிலிருந்து ஒரு சீட்டு எடுப்பர், முறைக்கு ஒன்றாக ஆற்றல் சீட்டை உயிரினத்தோடு சேர்ப்பர், உதவிச் சீட்டுகளைப் பயன்படுத்துவர், இறுதியில் தாக்குவர். தாக்கினால் அம்முறை முடிந்தது. முதலில் ஆடுபவர் தம் முதல் முறையில் தாக்கலாகாது. எதிரியின் உயிரினத்தை வீழ்த்தினால் தம் பரிசுச் சீட்டு ஒன்றை எடுக்கலாம். வலிமை மிக்க சிலவற்றை வீழ்த்தினால் ஒன்றுக்கு மேலும் எடுக்கலாம். ஆறையும் முதலில் எடுத்தவர் வென்றவர். எதிரியிடம் களத்தில் உயிரினமே இல்லாது போனாலும், தம் முறையின் தொடக்கத்தில் எடுப்பதற்கு அவர் கட்டில் சீட்டு இல்லாது போனாலும் வெற்றியே.

நீர் இனம் தாக்கினால் நெருப்பு இனம் பெரும்பாலும் இரு மடங்கு நோகும். இத்தகைய பகைமை இருப்பின் அந்தந்தச் சீட்டில் குறிக்கப்பட்டிருக்கும். எனவே கூட்டலும் பெருக்கலும் ஓயாமல் நடைபெறும். வாய்ப்பாட்டைக் கண்டு ஓடிய பேரன், தன் உயிரினத்தின் உயிரைக் காக்க 120இலிருந்து 70ஐ மனத்திற்குள் கழித்ததைக் கண்டு நாம் உள்ளூர மகிழ்ந்தோம்.

அன்றே இன்னொன்றும் விளங்கியது. பேரனின் பெட்டியில் 'சாரிசார்டு' என்னும் நெருப்புப் பறவைநாகத்தின் மின்னும் சீட்டு ஒன்று இருந்தது. அவனுடைய பெருமையே அதுதான். ஆனால், அது இரண்டாம் வளர்நிலையைச் சேர்ந்தது. சார்மாண்டர் என்னும் குட்டி முதலில் களத்தில் இறங்க வேண்டும். அடுத்து அது சார்மீலியனாக வளர வேண்டும். அதன் பின்னரே சாரிசார்டு வரலாம். ஒரு சிறப்பு உதவிச் சீட்டு இருப்பின் இடைநிலையைத் தாண்டலாம். அதுவும் அவனிடம் இல்லை. சார்மீலியன் இரண்டு இருந்தனவாம். விலை போகாதவை என்று பள்ளியில் கொடுத்துவிட்டானாம்! ஆற்றல் சீட்டுகளையோ பயனற்றவை என்று ரப்பர் வளையம் போட்டுப் பெட்டியின் அடியில் தள்ளி வைத்திருந்தான். அவை இன்றி ஓர் அடியும் அடிக்க இயலாது என்பது அன்றுதான் அவனுக்குத் தெரிந்தது. விலை மிகுந்த சீட்டு பெட்டிக்குள்ளேயே உறங்கியது. விலையற்ற சீட்டுகளைக் கொண்டே நாங்கள் இருவரும் விடுமுறை முழுவதும் ஆடினோம்.

தொடங்குவோர்க்குச் சில சொற்கள்

முதலாவதாக, பொட்டலத்தில் தொடங்காதீர்கள். உடனே ஆடத்தக்க வகையில் 60 சீட்டுகளை முறையாகச் சேர்த்த ஆயத்தக் கட்டுகள் விற்கின்றன. 2020இல் வெளிவந்த 'பேட்டில் அகாடமி' என்னும் பெட்டியில் அத்தகைய கட்டுகள் மூன்றும், ஆடும் பலகையும், முதல் ஆட்டத்தைப் படிப்படியாகச் சொல்லித்தரும் கையேடும் அமைந்திருந்தன. இத்தகைய ஒரு பெட்டி இருவர் ஆடுவதற்குப் போதுமானது. மேஜிக் விளையாட்டுக்கும் இவ்வாறே தொடக்கக் கட்டுகள் உண்டு.

இரண்டாவதாக, ஒரே கட்டைக் கொண்டு பத்து ஆட்டமேனும் ஆடிய பின்னரே புதிய சீட்டை நாடுக. எது குறைகிறது என்பதை ஆட்டமே சொல்லும். குறைந்த சீட்டு இன்னதென்று தெரிந்தால், அதைத் தனிச் சீட்டாகவே கேட்டு வாங்கலாம். நம் பேரனுக்கு வேண்டிய சார்மீலியனைப் போன்ற சாதாரணச் சீட்டுகள், அங்குள்ள சீட்டுக் கடைகளில் சில காசுக்குக் கிடைக்கும். அதையே பொட்டலத்தில் தேடினால் எத்தனை டாலர் செலவாகுமோ!

மூன்றாவதாக, கட்டுச் சேர்க்கும்போது ஓரினம் அல்லது ஈரினத்தோடு நிறுத்திக்கொள்க. ஐந்தாறு இனங்களைக் கலந்தால், தக்க ஆற்றல் சீட்டு தக்க நேரத்தில் கைக்கு வராது. வீட்டளவில் ஆடுவதற்கு உயிரினம் இருபது, உதவி இருபது, ஆற்றல் இருபது என்று தொடங்கிப் பின்னர்த் திருத்திக்கொள்ளலாம். நல்ல சாதாரணச் சீட்டை நான்கு படியாக வைப்பது, அரிய சீட்டை ஒரு படி வைப்பதினும் பயன் தரும். இதற்குக் கணக்கே சான்று. ஒரே சீட்டு நான்கு இருப்பின், முதலில் எடுக்கும் ஏழில் ஒன்றேனும் வருவதற்கு நூற்றுக்கு ஏறத்தாழ 40 வாய்ப்பு உண்டு. ஒன்றே இருப்பின் ஏறத்தாழ 12தான்.

நான்காவதாக, போலிகளைக் கண்டு ஏமாறற்க. நம் ஊர்ப் பொம்மைக் கடைகளில் குறைந்த விலைக்குக் கட்டுக்கட்டாகத் தொங்கும் போக்கிமான் சீட்டுகளும், தங்க நிறத்தில் பளபளக்கும் தகட்டுச் சீட்டுகளும் பெரும்பாலும் போலியானவை. எழுத்துப் பிழையும், பின்புறத்து நீலத்தின் வெளிறலும், தாளின் மென்மையும் அவற்றைக் காட்டிக்கொடுக்கும். பிள்ளைகள் அவற்றை வைத்துக்கொண்டு வீட்டில் விளையாடினால் குடி முழுகிப் போகாது. ஆயின், மெய்யானவை என்று எண்ணி விலை கொடுப்பதும், மெய்யானவை என்று கூறிப் பிறருக்குத் தள்ளிவிடுவதும் தவறு.

மாற்றிக்கொள்ளும் அறம்

இனி, நம் இல்லத்தில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

அடுத்த வீட்டில் ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் இருக்கிறான். அவனிடம் பொம்மைக் கடைத் தங்கச் சீட்டுகள் பலவும், சிங்கப்பூரிலிருந்து அவனுடைய மாமா கொணர்ந்த மெய்யான சீட்டு ஒன்றும் இருந்தன. ஒருநாள் மாலை நம் பேரன் துள்ளிக்கொண்டு வந்தான். அந்த மெய்யான சீட்டு அவன் கையில் இருந்தது. அதற்கு ஈடாகப் பத்து ஆற்றல் சீட்டுகளைக் கொடுத்தானாம். பெட்டியின் அடியில் கிடந்தவற்றுள் பத்து!

"அவனே சம்மதித்தான், தாத்தா. ஒன்றுக்குப் பத்து என்று மகிழ்ந்தான்" என்றான்.

நாம் சினந்து பேசவில்லை. "நீ அறிந்ததை அவனும் அறிந்திருந்தால் சம்மதித்திருப்பானா, தம்பி?" என்று மட்டும் கேட்டோம்.

பேரன் விடை கூறவில்லை. சாப்பாட்டின்போதும் பேசவில்லை. அவன் பாட்டி என்னவென்று வினவியபோதும் தலையை மட்டும் அசைத்தான். மறுநாள் காலை காப்பி அருந்திக்கொண்டிருக்கையில், அவன் அச்சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குச் செல்வதைக் கண்டோம். திரும்புகையில் அச்சிறுவனையும் அழைத்து வந்தான். கொடுத்த பத்துச் சீட்டுகளை மட்டும் அவன் திரும்பப் பெறவில்லை. "அவனுக்கு ஆடக் கற்றுக்கொடுக்க வேண்டும், தாத்தா. ஆற்றல் சீட்டு இல்லாமல் எப்படி ஆடுவான்?" என்றான்.

தவறு அவனுடையது மட்டுமன்று என்பதை நாம் மறைக்க விரும்பவில்லை. முந்நூறு சீட்டு வாங்கப் பணம் அளித்த பெரியவர்களுள் நாமும் ஒருவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவன் பிறந்தநாளுக்கு, "பிள்ளைக்குப் பிடித்ததை வாங்கிக் கொடுங்கள்" என்று பணம் அனுப்பியவர்கள் நாமேதான். அது என்ன, எப்படி ஆடுவது, யாரோடு ஆடுவது என்று ஒரு சொல்லும் கேட்டோமில்லை. பிள்ளைக்கு விலை மட்டும் தெரிந்ததென்றால், அதைத் தவிர வேறெதையும் நாம் அவனோடு பேசவில்லை என்பதே பொருள்.

ஆகவே, பெற்றோருக்கும் பாட்டன் பாட்டியருக்கும் நாம் கூறுவது இதுதான். பொட்டலம் வாங்கிக் கொடுக்குமுன் ஒருமுறை விதித் தாளைப் படியுங்கள். முதல் பத்து ஆட்டத்தில் ஓர் ஆட்டமேனும் எதிரே அமர்ந்து ஆடுங்கள். தோற்றுப் போனாலும் பழுதில்லை. ஆடும் முன்னும் ஆடிய பின்னும் கைகுலுக்கும் வழக்கம் இவ்விளையாட்டில் உண்டு. அதைப் பிள்ளைக்குப் பழக்குங்கள். பிறர் சீட்டைத் தொடுமுன் கேட்கவும், தம் சீட்டில் உள்ளதை உரக்கப் படித்துக் காட்டவும் பழக்குங்கள். தம்மினும் இளையவரோடு சீட்டு மாற்றும்போது, வீட்டுப் பெரியவர் ஒருவர் அறிய மாற்ற வேண்டும் என்பதை இல்லத்து விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆவணியில் பேரன் ஊர் திரும்பினான். புறப்படுமுன், தன் முந்நூறு சீட்டிலிருந்து இரண்டு கட்டுகளைச் சேர்த்தான். நீர் இனக் கட்டு ஒன்று, நெருப்பு இனக் கட்டு ஒன்று. நீர் இனக் கட்டை அடுத்த வீட்டுச் சிறுவனுக்குக் கொடுத்துவிட்டான். அந்த அறுபதில் விண்மீன் குறியுடையது ஒன்றுகூட இல்லை. ஆயினும் அச்சிறுவன் மாலைதோறும் பள்ளிவிட்டு வந்ததும் அக்கட்டை எடுத்துக்கொண்டு நம் திண்ணைக்கு வந்துவிடுகிறான். நெருப்பு இனக் கட்டு நம் பொறுப்பில் இருக்கிறது. நேற்றும் நாமே தோற்றோம்.